"நல்லா இருக்கு" போதாது: மாணவர் செய்த கேம் ட்ரெய்லருக்குச் சக மாணவர்களிடம் கருத்துக் கேட்க ஒரு முழு வழிகாட்டி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் உணவுக்கடை. இரவு பத்து மணி இருக்கும். கேம் டிசைன் டிப்ளோமா படிக்கும் மூன்று பேர் எதிரே உட்கார்ந்து கைப்பேசியை என்னிடம் நீட்டினார்கள். இறுதிப் புராஜெக்ட்டாகச் செய்த கேமின் ட்ரெய்லர், 94 விநாடி. பார்த்து முடித்தேன். மூவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நல்லா இருக்கு லா" என்றேன். சிரித்தார்கள், "நன்றி அண்ணே" என்றார்கள், தே தாரிக்கைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

எல்ஆர்டி ரயிலில் வீட்டுக்குப் போகும்போதுதான் உறைத்தது. அந்த கேமில் விளையாடுகிறவர் என்ன செய்ய வேண்டும் என்பதே எனக்குப் புரியவில்லை. எடிட்டிங் மேசையில் பிழைப்பு நடத்துகிறவன் நான். நானே அப்படிச் சொல்லி அனுப்பினால் வகுப்புத் தோழர்கள் வேறு என்ன சொல்வார்கள்? மறுநாள் அவர்களை அழைத்தேன். "நேற்று நான் சொன்னதை மறந்துவிடுங்கள், முறையாகக் கேட்டுப் பார்ப்போம்" என்றேன். அடுத்த இரண்டு வாரம் செய்ததையும், அதற்கு முன்னும் பின்னும் மற்ற மாணவர்களோடு செய்து கற்றதையும் சேர்த்து எழுதுகிறேன்.

உதாரணங்கள் எல்லாம் அந்த ஒரு கேமிலிருந்தே வரும் என்பதால் கதையைச் சொல்லிவிடுகிறேன். பால்மரத் தோட்டம், அதாவது ரப்பர் தோட்டம். நோய்வாய்ப்பட்ட அம்மாவுக்குப் பதில் மகள் விடியுமுன் மரம் வெட்டப் போகிறாள், அதாவது பட்டையைக் கீறிப் பால் இறக்க. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதற்குள் எத்தனை மரம், எந்த வரிசையில், எந்தப் பாதையில் என்று கணக்குப் போட்டு ஓட வேண்டும். சுருக்கமாக, நேரத்தோடு போட்டி போடும் புதிர் விளையாட்டு.

படி 1: உங்கள் வரியை எழுதி மடித்து வையுங்கள்

யாரிடமும் காட்டுவதற்கு முன் குழுவில் ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரு தாளில் எழுதுங்கள்: "ட்ரெய்லரைப் பார்த்து முடித்தவர் இந்த கேமை எப்படிச் சொல்ல வேண்டும்?" ஒரே ஒரு வரி. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதக் கூடாது.

எங்கள் மூவர் எழுதியதை விரித்துப் பார்த்தால் மூன்றும் மூன்று திசை. ஒருத்தி "வெயிலுக்கு முன் பால் சேர்க்கும் புதிர்" என்று எழுதியிருந்தாள். இன்னொருவன் "தோட்டத்து வாழ்க்கையின் சோகம்" என்று எழுதியிருந்தான். ட்ரெய்லரை எடிட் செய்தவன் எழுதியது: "இருட்டுக் காட்டில் தனியாக ஒரு பெண், திகில்." வெளியார் ஒருவரைக்கூடக் கேட்காமலே பாதிக் கோளாறு தெரிந்துவிட்டது. மூவரும் உட்கார்ந்து பேசி, முதல் வரிதான் கேமுக்கு உண்மையானது என்று முடிவு செய்தார்கள். எடிட் செய்தவனுக்கு மனம் இல்லை. திகில் ட்ரெய்லர் செய்வது சுகமான வேலை, அவனைக் குறை சொல்ல முடியாது.

ட்ரெய்லரும் கேமும் வேறு வேறு திசையில் போவது பெரிய நிறுவனங்களுக்கும் நடக்கும். 2011இல் வந்த 'டெட் ஐலண்ட்' கேமின் அறிமுக ட்ரெய்லரைப் பலர் பார்த்திருப்பீர்கள். காட்சிகள் பின்னோக்கி ஓடும், ஓட்டல் சன்னலிலிருந்து ஒரு சிறுமி விழுவாள், பின்னால் மெல்லிய பியானோ. எல்லாரும் அதைப் பற்றியே பேசினார்கள். கேம் கைக்கு வந்தபோது அது கிடைத்ததை எடுத்து ஸோம்பிகளை அடிக்கும் ஆட்டமாக இருந்தது. அழவைக்கும் குடும்பக் கதையை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்தார்கள்.

எழுதிய வரியைச் சோதனைக்கு வருகிறவர்களிடம் காட்ட வேண்டாம். அவர்கள் சொல்லும் பதிலோடு பின்னால் ஒப்பிடத்தான் அது.

படி 2: சமர்ப்பிப்பதற்கு இரண்டு நாள் முன்பு கேட்காதீர்கள்

மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு இது. எல்லாம் முடிந்து, வண்ணம் சேர்த்து, இசை ஒட்டி, இனி ஒரு ஷாட்டைக்கூட நகர்த்த முடியாது என்ற நிலையில் நண்பர்களைக் கூப்பிடுவது. அந்த நேரத்தில் உங்களுக்கு வேண்டியது பாராட்டு. நண்பர்களுக்கும் அது தெரியும், கொடுத்துவிட்டுப் போவார்கள்.

மூன்று முறை காட்டுங்கள். முதல் முறை, பாதிக் காட்சிகள் இன்னும் வரையப்படாமல் வெறும் சாம்பல் பெட்டிகளாக இருக்கும்போதே. அப்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: புரிகிறதா? இரண்டாம் முறை, காட்சி வரிசை ஓரளவு நிலைத்த பிறகு. மூன்றாம் முறை முக்கியமாகப் பிழை பார்ப்பதற்கு: எழுத்துப் பிழை, ஒலி வெட்டு, பெயர் விடுபட்டது போன்றவை.

முதல் முறை காட்டும்போது தற்காலிக இசையில் கவனம் வேண்டும். எங்கள் பையன் ஒரு தமிழ்ப் படத்தின் பின்னணி இசையைப் போட்டு வைத்திருந்தான். பார்த்தவர்கள் எல்லாரும் "செம மாஸ்" என்றார்கள். அந்த மாஸ் படத்துக்கு உரியது. தெரிந்த பாட்டைப் போட்டால் அந்தப் பாட்டுக்கான கருத்துதான் வரும். யூடியூபில் ஏற்றினால் பதிப்புரிமைக் கோரிக்கையும் கூடவே வரலாம். யாருக்கும் தெரியாத, உரிமச் சிக்கல் இல்லாத ஏதாவது ஒன்று போதும், வெறும் தாளம்கூட.

படி 3: புதுக் கண்களைச் சேமித்துச் செலவழியுங்கள்

ஒருவர் உங்கள் ட்ரெய்லரை முதல் முறை பார்ப்பது ஒரே ஒரு முறைதான் நடக்கும். இரண்டாம் முறை பார்க்கும்போது கதை ஏற்கெனவே தெரியும், குழப்பம் இருந்த இடம் குழப்பமாகத் தெரியாது. அதனால் முதல் பதிப்பு தயாரானதும் வகுப்புப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டு நாற்பது பேருக்கும் காட்டிவிட்டால், அடுத்த இரண்டு சுற்றுக்கு ஆள் இருக்காது.

நாங்கள் 15 பேரைப் பட்டியலிட்டோம், சுற்றுக்கு 5 பேர். ஜேக்கப் நீல்சன் என்பவர் 2000இல் எழுதியது பயன்பாட்டுச் சோதனைத் துறையில் பிரபலம்: ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே சுமார் 85 விழுக்காடு சிக்கல்கள் வெளியே வந்துவிடும் என்பது அவர் கணக்கு. அவர் சொன்னது வலைத்தளங்களைப் பயன்படுத்துவது பற்றி. பிடித்ததா பிடிக்கவில்லையா என்ற கேள்விக்கு அதைப் பொருத்திப் பார்க்க முடியாது. ஆனால் "புரிந்ததா" என்ற கேள்விக்கு ஐந்து பேர் போதும் என்பது என் அனுபவம். ஐந்தில் மூன்று பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் ஆறாவது ஆளுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஐந்து பேரை இப்படிக் கலந்தோம்: இதே வகை கேம் விளையாடுகிறவர் இருவர், மொபைல் லெஜெண்ட்ஸ் மட்டும் விளையாடுகிறவர் இருவர், எந்த கேமும் விளையாடாதவர் ஒருவர். உங்கள் கேமை ஏற்கெனவே விளையாடிப் பார்த்த ஓரிருவரைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். ட்ரெய்லர் காட்டுவது கேமில் உண்மையாகவே இருக்கிறதா என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.

கதையின் உலகத்தை வாழ்ந்து பார்த்த ஒருவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். எங்களுக்குக் கிடைத்தவர் குழுவில் இருந்த மாணவியின் அத்தை. இருபது வருடத்துக்கு மேல் மரம் வெட்டியவர். அவர் கதை பிறகு வருகிறது.

படி 4: கோப்பைத் தயார் செய்வது

இதில் நீட்டிப் பேச ஒன்றுமில்லை. 1080பி, எம்பி4. கோப்புப் பெயரில் பதிப்பு எண் கட்டாயம்; "பைனல்", "பைனல் பைனல்" என்று வைத்தால் எந்தக் கருத்து எந்தப் பதிப்புக்கு என்று நீங்களே குழம்புவீர்கள். இரண்டு பிரதி எடுங்கள்: ஒன்று சுத்தமானது, மற்றது மூலையில் டைம்கோடு (விநாடி எண்) ஓடுவது. டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே டைம்கோட்டைப் படத்தின் மேல் பதிக்கும் வசதி இருக்கிறது. முதல் பார்வைக்குச் சுத்தமானதைக் காட்டுங்கள், ஓடும் எண்கள் கண்ணை இழுக்கும்.

புலனத்தில் அனுப்புவதானால் ஆவணமாக அனுப்புங்கள். வீடியோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், இருட்டுக் காட்சிகள் கட்டம் கட்டமாகத் தெரியும், பார்த்தவரும் "கிராபிக்ஸ் சரியில்லை" என்று எழுதுவார். யூடியூபில் ஏற்றினால் பட்டியலில் வராத இணைப்பாக வையுங்கள்.

படி 5: காட்டுவது, வாயை மூடுவது

இந்தப் படியில்தான் பெரும்பாலும் கெடுகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காட்டுவதற்கு முன் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "ஒரு ட்ரெய்லர் காட்டுகிறேன். ஒரு தடவைதான். முடிந்ததும் சில கேள்விகள்." எந்த வகை கேம், எத்தனை மாதம் உழைத்தோம், "இன்னும் முடியல, சவுண்டு மாத்தணும்" என்ற முன்னுரை எதுவும் வேண்டாம். முன்னுரை கேட்டவர் உங்களுக்காகப் பாவம் பார்த்துப் பதில் சொல்வார்.

ஓடும்போது திரையைப் பார்க்காதீர்கள், பார்க்கிறவர் முகத்தைப் பாருங்கள். புருவம் சுருங்கும் இடம், சிரிப்பு வரும் இடம், கட்டைவிரல் திரையின் கீழ்ப் பக்கம் போகும் இடம், கண் கடை வாசலுக்குப் போகும் இடம். எல்லாவற்றையும் விநாடி எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். வாய் மரியாதை பார்க்கும், கட்டைவிரல் பார்க்காது.

முடிந்ததும் பேச விடாதீர்கள். ஆளுக்கு ஒரு தாளும் பேனாவும் கொடுத்து இரண்டு நிமிடம் எழுதச் சொல்லுங்கள். ஐந்து பேர் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் இது மிக முக்கியம். குரல் பெரிய ஒருவர் "பேய் கேம் போல இருக்கு" என்று சொல்லிவிட்டால் மற்ற நால்வருக்கும் அது பேய் கேம்தான்.

எழுதச் சொல்லும் கேள்விகள், இதே வரிசையில்:

1. இந்த கேமில் நீ என்ன செய்வாய்? வினைச்சொல்லில் எழுது.
2. எந்தக் காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது?
3. எந்த இடத்தில் மனம் வேறெங்கோ போனது?
4. உனக்குத் தெரிந்த எந்த கேமை இது ஞாபகப்படுத்துகிறது?
5. இதை யாருக்கு அனுப்புவாய்? ஒருவர் பெயரை எழுது.

ஐந்திலும் "பிடித்ததா" என்ற கேள்வி இல்லை. பிடித்ததா என்று கேட்டால் நம்மவர்களிடம் வரக்கூடிய பதில் ஒன்றுதான், அதைக் கட்டுரையின் தலைப்பிலேயே எழுதிவிட்டேன். என்ன பார்த்தாய், என்ன நினைவிருக்கிறது என்று கேட்டால் பொய் சொல்லத் தேவையே வராது. ஐந்தாவது கேள்விக்கு "எல்லாருக்கும் அனுப்புவேன்" என்று எழுதினால் யாருக்கும் அனுப்ப மாட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். "என் ரூம்மேட், அவனுக்கு இந்த மாதிரி கணக்குப் போடுற கேம் பிடிக்கும்" என்று வந்தால் அது தங்கம்.

முதல் சுற்றில் முதல் கேள்விக்கு எங்களுக்கு வந்த ஐந்து பதில்கள்: "ஓடணும், ஒளியணும்." "பேயிடமிருந்து தப்பிக்கணும்." "யாரையோ கத்தியால குத்தணும்." "திருடணும், மாட்டிக்கக் கூடாது." ஐந்தாவது பையன், தாத்தா பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருந்தவன், "மரம் வெட்டணும்" என்று எழுதினான். தோட்டத்தை அறியாத நான்கு பேருக்கு இருட்டு, நெற்றி விளக்கு, கையில் கத்தி, மூச்சுச் சத்தம், இவ்வளவும் சேர்ந்தால் கொலைதான். கோலாலம்பூர் அடுக்குமாடியில் வளர்ந்தவர்கள் பால் வெட்டும் கத்தியை எங்கே பார்த்திருக்கப் போகிறார்கள்?

இரண்டாம் கேள்வி எங்களைக் காப்பாற்றியது. ஐவரில் நான்கு பேர் ஒரே காட்சியை எழுதியிருந்தார்கள்: 0:52இல் வரும், வெட்டிய பட்டையின் ஓரமாக வெள்ளைக் கோடாகப் பால் இறங்கி மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) சொட்டும் நெருக்கமான ஷாட். யாரும் திட்டமிட்டு அழகாகச் செய்த ஷாட் இல்லை, நிரப்புவதற்காகப் போட்டது. அடுத்த பதிப்பில் அது 0:03க்கு வந்தது. முதல் மூன்று விநாடிக்குள் மரம், பால், மங்கு மூன்றும் தெரிந்துவிட்டால், அப்புறம் கத்தியைக் காட்டினாலும் யாரும் கொலை என்று நினைப்பதில்லை.

எழுதி முடித்த பிறகு இரண்டாம் பார்வை, இந்த முறை டைம்கோடு ஓடும் பிரதி. எங்கே வேண்டுமானாலும் நிறுத்திப் பேசலாம் என்று சொல்லுங்கள். இங்கேயும் நீங்கள் விளக்கக் கூடாது. "இல்ல, அது ஏன்னா..." என்று ஆரம்பிக்கும் ஆசை வரும். நாக்கைக் கடித்துக்கொள்ளுங்கள். ட்ரெய்லரோடு கூடவே நீங்களும் போய் எல்லார் வீட்டிலும் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

மூன்றாவதாக ஒரு பார்வை, ஒலியை அணைத்து. சமூக ஊடகத்தில் உருட்டிக்கொண்டு போகிறவர்கள் பலர் ஒலி இல்லாமல்தான் பார்ப்பார்கள். மாமாக் கடையில் பந்தாட்டம் ஓடும் இரவில் ஒலி இருந்தும் கேட்காது, சோதனைக்கு அது நல்ல இடம்.

செய்தவர்களும் பார்த்தவர்களும் சேர்ந்து கொஞ்சம் நீளமாகப் பேச விரும்பினால், லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடனக் கலைஞர் 1990 முதல் வளர்த்தெடுத்த ஒரு வரிசை இருக்கிறது. நடனத்துக்கு உருவானது, ஆனால் எதற்கும் பொருந்தும். முதலில் பார்த்தவர்கள் தங்களுக்கு எது அர்த்தமுள்ளதாக இருந்தது என்று சொல்வார்கள். பிறகு செய்தவர் தன் கேள்விகளைக் கேட்பார். அடுத்து பார்த்தவர்கள் குற்றம் சாட்டாத கேள்விகளைக் கேட்பார்கள். கடைசியில், செய்தவர் சம்மதித்தால் மட்டுமே அபிப்பிராயம். "ஏன் இவ்வளவு இருட்டு?" என்பதில் குற்றச்சாட்டு இருக்கிறது. "இந்த இருட்டில் நான் எதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தீர்கள்?" என்பதில் இல்லை. இந்த வேறுபாட்டை மாணவர்களுக்குப் புரியவைக்க அரை மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

மொழியும் மரியாதையும்

ஒரே வகுப்பில் தமிழ், மலாய், சீனப் பிள்ளைகள் இருக்கிறார்கள், படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் பலர் பாடப்புத்தக வாக்கியம் எழுதுவார்கள்: பேசிங் மேம்படலாம், லைட்டிங் நன்று. அதே ஆளிடம் அவர் மொழியில் கேட்டுப் பாருங்கள். ஒரு தமிழ்ப் பையன் படிவத்தில் "நல்ல சூழல்" என்ற பொருளில் ஏதோ எழுதிவிட்டு, ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்: "டே, அந்தப் பொண்ணு நடந்துகிட்டே இருக்குடா, எப்பதான் போய்ச் சேரும்?" எனக்கு வேண்டியது இரண்டாவதுதான். எந்த மொழியிலும் எழுதலாம் என்று தாளின் மேலேயே போட்டுவிடுங்கள். மலாயிலோ மாண்டரினிலோ எழுதியிருந்தால் வாசித்துச் சொல்ல வகுப்பில் ஆள் இருப்பார்கள்.

ஜூனியர்களை வைத்துச் சோதிப்பதில் இன்னொரு சிக்கல். "அண்ணே", "அக்கா" என்று கூப்பிடுகிறவர்கள் குறை சொல்ல மாட்டார்கள். ட்ரெய்லர் செய்தவர் அறையில் இல்லாமல் வேறொருவர் காட்டட்டும், தாளில் பெயர் எழுத வேண்டாம். முகத்தை வீடியோ எடுப்பதானால் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள்; 18 வயதுக்குக் கீழே என்றால் வீட்டாரிடமும்.

தூரத்தில் இருக்கும் நண்பர்கள்

எங்கள் பதினைந்தில் மூன்று பேர் பினாங்கில் இருந்தார்கள். அவர்களுக்குக் கூகுள் படிவத்தில் அதே ஐந்து கேள்விகள், முதல் கேள்விக்கு மேலே இணைப்பு. "ஒரு தடவை மட்டும் பார்க்கவும்" என்று எழுதினோம். எல்லாரும் கேட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். எழுதச் சோம்பல்படுகிறவர்களிடம் புலனத்தில் குரல் பதிவு கேளுங்கள், பார்த்து முடித்த உடனே. ஒரு மணி நேரம் கழித்து வரும் குரல் பதிவில் யோசித்துத் துடைத்த வாக்கியங்கள்தான் இருக்கும்.

விநாடியைத் தொட்டுக் கருத்து எழுத பிரேம்.ஐஓ போன்ற தளங்கள் இருக்கின்றன, 2021இல் அடோபி வாங்கியது அதைத்தான். எடிட் தெரிந்தவர்களுக்கு வசதி, மற்றவர்களுக்கு இன்னொரு தளத்தைப் பழகும் தொல்லை. யூடியூபில் எந்த இடத்தில் ஆட்கள் விலகிப்போனார்கள் என்று காட்டும் கோட்டைச் சில மாணவர்கள் பெருமையாக எடுத்து வருவார்கள். பத்துப் பதினைந்து பேர் பார்த்த வீடியோவுக்கு அந்தக் கோட்டை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது.

படி 6: நோயையும் மருந்தையும் பிரியுங்கள்

எல்லாத் தாளையும் ஒரே அட்டவணையில் கொண்டுவாருங்கள். விநாடி, அவர் சொன்ன வார்த்தை அப்படியே, எத்தனை பேர், காரணம் என்னவாக இருக்கலாம், என்ன செய்யப் போகிறோம். "அவர் சொன்ன வார்த்தை அப்படியே" என்பதை விட்டுவிடாதீர்கள். "எப்பதான் போய்ச் சேரும்" என்பதை "வேகக் குறைவு" என்று மாற்றி எழுதினால் பாதி விஷயம் போய்விடும்.

பார்க்கிறவர் நோயைச் சரியாகச் சொல்வார், மருந்தைத் தப்பாகச் சொல்வார். இரண்டாம் சுற்றில் மூன்று பேர் "0:38இல் மியூசிக் போர், மாத்துங்க" என்றார்கள். எடிட் செய்யும் பையன் அன்றிரவே புது இசை தேட உட்கார்ந்துவிட்டான். நிறுத்தச் சொன்னேன். 0:38ஐப் பார்க்காமல் அதற்கு முன்னால் ஓடவிட்டுப் பார்த்தோம். 0:22 முதல் 0:38 வரை ஆறு ஷாட்டுகள், ஆறிலும் கேமரா அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால், ஒரே தூரத்தில். பதினாறு விநாடி ஒரே முதுகைப் பார்த்தவருக்கு அலுப்பு வரும். அந்த அலுப்புக்குப் பெயர் தெரியாததால் காதில் விழுந்த இசையின் மேல் பழியைப் போட்டார்கள். இரண்டு ஷாட்டை நீக்கிவிட்டு, நடுவே மங்கைத் துடைக்கும் கை ஒன்று, வானம் வெளுப்பது ஒன்று சேர்த்தோம். இசையைத் தொடவில்லை. மூன்றாம் சுற்றில் ஒருவர்கூட இசையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஆகவே ஒரு விநாடியில் புகார் வந்தால் காரணத்தை அதற்கு முந்தைய பத்துப் பதினைந்து விநாடியில் தேடுங்கள்.

இருவர் "வேகம் அதிகம்", இருவர் "வேகம் குறைவு" என்றால்? திரையில் வாசகம் மட்டும் வரும் எழுத்து அட்டைகளைப் பாருங்கள். எங்கள் ட்ரெய்லரில் பதினோரு வார்த்தை கொண்ட ஓர் அட்டை இரண்டு விநாடி நின்றது. வாசிக்க முடியாதவருக்கு வேகம், வாசிப்பதை விட்டுவிட்டவருக்கு மந்தம். நிதானமாக இரண்டு முறை வாசிக்கும் நேரம் கொடுங்கள், முடியாவிட்டால் வார்த்தையைக் குறையுங்கள். அந்த அட்டை கடைசியில் "வெயில் வருது" என்று இரண்டே வார்த்தை ஆனது. கைப்பேசியைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு வாசிக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

எண்ணிக்கை விதி என்னுடையது இப்படி: ஒருவர் சொன்னால் எழுதி வை, இருவர் சொன்னால் போய்ப் பார், மூவர் சொன்னால் மாற்று. இந்த விதியை உடைக்க ஒருவர் வந்தார்.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டாம் பதிப்பைப் பார்த்தார். எல்லாரும் புகழ்ந்த அந்த 0:03 ஷாட் வந்ததும், "நிறுத்து, நிறுத்து. இந்த மரத்தை யாரும்மா வெட்டுனது? சாய்வு மாறிப்போச்சே" என்றார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கையாலேயே காற்றில் வெட்டிக் காட்டினார். பால்மரத்தில் வெட்டு இடது மேலிருந்து வலது கீழே இறங்க வேண்டும். பட்டைக்குள் பால் குழாய்கள் சற்றுச் சாய்ந்தே மேலேறுகின்றன, அந்தப் பக்கமாக இறக்கி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும், பால் கூடும். எங்கள் படத்தில் வெட்டு வலது மேலிருந்து இடது கீழே. கேமில் மரத்தைச் சரியாகத்தான் வரைந்திருந்தார்கள். எடிட் செய்யும்போது அந்தப் பெண் இடமிருந்து வலமாக நடப்பது போல வர வேண்டும் என்று ஷாட்டைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பியிருந்தான். மரமும் கூடவே திரும்பிவிட்டது.

பதினைந்தில் ஒருவர் மட்டும் சொன்னது. ஒரு நொடிகூட யோசிக்காமல் மாற்றினோம். பழைய தோட்டத்துக் குடும்பத்தில் யார் பார்த்தாலும் இந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்று முதல் மூன்று விநாடியிலேயே முடிவு கட்டியிருப்பார்கள். ருசி பற்றிய கருத்தை எண்ணிப் பாருங்கள். உண்மை பற்றிய கருத்துக்கு ஒரு வாய் போதும்.

கருத்துகளில் சில ட்ரெய்லரைப் பற்றியே இருக்காது. "ஓடும்போது கால் தரையில் படவில்லை", "மெனு எழுத்து சின்னது" என்று வரும். அவை கேமைச் சேர்ந்தவை. குறிப்பேட்டில் தனிப் பக்கம் போட்டுத் தள்ளி வையுங்கள், இப்போது அதில் இறங்கினால் ட்ரெய்லர் முடியாது.

படி 7: கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்

ஒரு சுற்றுக்குப் பிறகு எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது. முதல் சுற்றுக்குப் பிறகு நாங்கள் தொடக்கத்தை மட்டும் மாற்றினோம். இரண்டாம் சுற்றுக்குப் பிறகு நடுப்பகுதியும் அட்டைகளும். 94 விநாடி 71 ஆனது. எதையும் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்துக் குறைக்கவில்லை, தடுக்கிய இடங்களை எடுத்ததில் அதுவாகவே குறைந்தது.

இரண்டு தொடக்கங்களுக்கு நடுவில் முடிவெடுக்க முடியாவிட்டால் ஒரே ஆளிடம் இரண்டையும் காட்டி "எது பெஸ்ட்" என்று கேட்காதீர்கள். ஆளுக்கு ஒன்றாகக் காட்டி அதே ஐந்து கேள்விகளைக் கேளுங்கள், எந்தத் தொடக்கத்தைப் பார்த்தவர்கள் உங்கள் மடித்து வைத்த வரிக்குப் பக்கத்தில் வருகிறார்கள் என்று பாருங்கள். மூன்றாம் சுற்றில் எங்களுக்கு வந்த ஒரு பதில்: "சூரியன் வர்றதுக்குள்ள மரத்தை எல்லாம் வெட்டி முடிக்கணும், எந்த மரம் முதல்லன்னு யோசிக்கணும்." மொபைல் லெஜெண்ட்ஸ் தவிர வேறெதுவும் விளையாடாத பெண் எழுதியது. தாளை விரித்து வைத்துப் பார்த்தோம். எடிட் செய்த பையன்தான் முதலில் சிரித்தான்.

எல்லாப் பதிப்புகளையும் அட்டவணையையும் பத்திரமாக வையுங்கள். விரிவுரையாளர் அறிக்கை கேட்கும்போது எந்தக் கருத்தால் எது மாறியது என்று விநாடி எண்ணோடு காட்டலாம். "சக மாணவர்களிடம் கருத்துப் பெறப்பட்டது" என்ற ஒற்றை வரியை விட அதற்கு மதிப்பெண் கூடத்தான் வரும்.

உங்கள் முறை வரும்போது

நாளை நீங்கள் இன்னொருவர் ட்ரெய்லரைப் பார்ப்பீர்கள். "சூப்பர்" என்று எழுதாதீர்கள், "மொக்கை" என்றும் எழுதாதீர்கள். "0:15இல் யார் எதிரி என்று தேடிக்கொண்டிருந்தேன், அதனால் பின்னால் வந்த வசனத்தைக் கவனிக்கவில்லை" என்று எழுதுங்கள். எந்த விநாடி, உங்களுக்குள் என்ன நடந்தது, அதனால் எதைத் தவறவிட்டீர்கள், அவ்வளவு போதும். எப்படிச் சரிசெய்வது என்று கேட்டால் மட்டும் சொல்லுங்கள். நல்ல இடத்தையும் அதே துல்லியத்தோடு எழுதுங்கள். எங்கள் ட்ரெய்லரில் பால் சொட்டும் ஷாட்டை யாரும் குறிப்பிட்டு எழுதாமல் "விஷுவல் அருமை" என்று மட்டும் போட்டிருந்தால் அது 0:52இலேயே கிடந்திருக்கும்.

முடிந்த பிறகு

பதினைந்து பேருக்கும் இறுதிப் பதிப்பை அனுப்புங்கள், ஆளுக்கு ஒரு வரியோடு: உங்களால் இந்த விநாடி இப்படி மாறியது. அடுத்த புராஜெக்ட்டுக்கு அவர்கள் தாமாகவே வருவார்கள். முடிந்தால் ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுங்கள்.

அத்தைக்கு அந்த மாணவிதான் அனுப்பினாள். "உங்களாலதான் வெட்டு சரியாச்சு அத்தை" என்று எழுதியிருந்தாள். இரவு குரல் பதிவு வந்தது. "பார்த்தேன்மா. வெட்டு சரியா இருக்கு. ஆனா கடைசியில பாலை எடுத்துட்டு மங்கைக் கவுக்காம அப்படியே வச்சுட்டுப் போகுதே அந்தப் பொண்ணு. மழை பேஞ்சா என்ன பண்ணும்?"

கேமுக்கான தனிப் பக்கத்தில் அதை எழுதி வைத்தோம்.